பிபிஎஃப் (வண்டிப் பெயிண்ட்டைக் காக்க ஒட்டும் நிறமற்ற ஃபிலிம்): நாமே ஒட்டலாமா, கடையில் கொடுக்கணுமா? (கறுப்பு வண்டி, கும்பகோணம் பக்கம்)

ரெண்டாம்கியர்:
வணக்கம். நாலு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவி, கறுப்பு நிறம், வாங்கி ஐந்து மாதம். வாரத்தில் நாலு நாள் கும்பகோணம்–தஞ்சாவூர், மாதம் இரண்டு முறை நாகப்பட்டினம். ஜல்லி லாரிக்குப் பின்னால் போய்ப் போய் பானெட் முன்விளிம்பில் இப்போதே ஆறேழு இடத்தில் கல்லடி.

திருச்சியில் விசாரித்தேன். முழு வண்டிக்கும் டிபியு (நெகிழும் பாலியூரிதேன்) ஃபிலிம் 95,000 ரூபாய், முன்பக்கம் மட்டும் என்றால் 38,000. ஆன்லைனில் 1.52 மீட்டர் அகல ரோலில் இருந்து மீட்டர் 2,800-க்கு வெட்டித் தருகிறார்கள். முன்பக்கத்துக்கு எத்தனை மீட்டர் பிடிக்கும்? முதல் தடவை ஒட்டுகிறவனுக்கு இது கைவருமா? இடம், வீட்டு முன்னால் தகரக் கொட்டகை, மூன்று பக்கம் திறப்பு. தண்ணீர் போர்வெல். உதவிக்கு ஒரு ஆள் உண்டு.

இன்னொன்று: முன் பம்பர் இடது மூலை உரசி, வெளியே பெயிண்ட் அடித்து மூன்று வாரம் ஆகிறது. அதனால் ஏதும் வித்தியாசம் வருமா?

வெட்டாறு83:
கைவரும், ஆனால் எல்லா பேனலும் ஒன்றல்ல. கதவுக் கைப்பிடிக் குழி, கதவு விளிம்பு, ஏறும் படி, டிக்கி உதடு இவை சுலபம். பானெட்டும் ஹெட்லைட்டும் நடுத்தரம். ஃபெண்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) கொஞ்சம் கஷ்டம். பக்கக் கண்ணாடியின் மூடியும் முன் பம்பரும் கடைக்காரர்களே நாலு தடவை கிழித்துப் பழகியவை.

அளவு சொல்கிறேன். பானெட்டை ரோலின் அகலத்தில் குறுக்கே போட்டால் 1.25 மீட்டர் போதும். ஆனால் முதலில் பானெட்டின் அகலத்தை வளைவோடு சேர்த்து டேப்பில் அளந்துகொள்ளுங்கள், 1.45-க்கு மேல் போனால் விளிம்பு மடிக்க ஃபிலிம் இருக்காது. பம்பருக்கு நீளவாக்கில் 2.2 மீட்டர், பாதி அகலம். மிச்ச பாதியில் ஹெட்லைட், கண்ணாடி, கைப்பிடிக் குழி எல்லாம் வந்துவிடும். இரண்டு ஃபெண்டரும் பக்கம் பக்கமாக 1.1 மீட்டர். ஆக நாலரை மீட்டர். ஒரு துண்டாவது கெடும் என்று வைத்து ஏழு வாங்கணும். ஏழு மீட்டர் 19,600, சாமான் மூன்று நாலாயிரம். 38,000-க்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் பதினைந்தாயிரம்தான். பம்பரில் இரண்டு துண்டு கிழிந்தால் அதுவும் சுருங்கும்.

வாங்கும்போது டிபியு தானா என்று பாருங்கள். பிவிசி ஃபிலிமையும் பிபிஎஃப் என்றே விற்கிறார்கள். ஓரத்தை இழுத்துப் பார்த்தால் தெரியும்: டிபியு ரப்பர் மாதிரி நீண்டு மெல்லத் திரும்பும், பிவிசி விறைத்து வெளுக்கும். நம்ம ஊர் வெயிலில் பிவிசி சீக்கிரம் மஞ்சளாகும், கழற்றும்போது பசை பெயிண்ட்டிலேயே தங்கிவிடும். கனம் 6 முதல் 8 மில், அதாவது 150–200 மைக்ரான். அதைவிட மெலிசு கல்லுக்குத் தாங்காது.

இரண்டு ஸ்ப்ரே வேண்டும். வழுக்கும் கரைசல்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு பேபி ஷாம்பு 8–10 சொட்டு. ஒட்டும் கரைசல்: ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 150 மி.லி., தண்ணீர் 850 மி.லி. சானிடைசர் ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின் இருக்கும், பசையைக் கெடுக்கும்.

பானெட்டுக்கு வேலை முறை இது. கழுவி, களிமண் பார் (பெயிண்ட்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் கட்டி) ஓட்டி, விளிம்பின் அடிப்பக்கம் வரை ஆல்கஹாலால் துடையுங்கள். கல்லடிப் புள்ளிகளுக்கு டச்-அப் பெயிண்ட் வைத்து ஒரு வாரம் காயவிட்டு மட்டம் பண்ணிக்கொள்ளுங்கள். ஃபிலிமுக்கு அடியில் எது இருந்தாலும் அப்படியே தெரியும், கறுப்பில் இரட்டிப்பாகத் தெரியும். கொட்டகைத் தரையை நன்றாக நனையுங்கள், மின்விசிறி கூடாது. பானெட்டை முழுக்க நனைத்து, இரண்டு பேரின் விரல்களையும் நனைத்து, ஒருவர் பின்தாளை உரிக்க உரிக்க இன்னொருவர் பசைப்பக்கம் ஸ்ப்ரே அடிக்கணும். காய்ந்த விரல் பசையில் பட்டால் ரேகை நிரந்தரம்.

போட்ட பிறகு அவசரம் வேண்டாம், மிதக்கவிட்டு நாலு பக்கமும் மூன்று சென்டிமீட்டராவது தொங்குகிறதா பாருங்கள். முதலில் உள்வாங்கிய கோடுகளில் ஸ்க்வீஜியால் (தண்ணீரை வழிக்கும் ரப்பர் தகடு) அழுத்துங்கள், அப்புறம் மேடு. மாற்றிச் செய்தால் குழிமேல் ஃபிலிம் பாலம் போல் நின்று, வெயில் பட்டதும் கிளம்பிவிடும். நடுவிலிருந்து வெளியே, ஒவ்வொரு இழுப்பும் முந்தியதில் பாதியை மூடணும். ஃபிலிமின் மேல்புறமும் நனைந்திருந்தால்தான் ஸ்க்வீஜி கோடு போடாது. விளிம்பில் மட்டும் ஒட்டும் கரைசல் அடித்து, ஒரு நிமிடம் விட்டு அழுத்துங்கள். விரல் விரலாக மடிப்பு வந்தால் அழுத்திச் சாகடிக்கப் பார்க்காதீர்கள். தூக்கி, நனைத்து, மறுபடி போடுங்கள். முதல் தடவை செய்பவருக்கு பானெட் மூன்று மணி நேரம்.

பாலிஷ்பட்டறை:
மேல சொன்ன முறை சரிதான் சார். ஆனா நீங்க கடைசியில ஒரு வரியில போட்டுட்டுப் போன விஷயம்தான் இங்க முக்கியம். மூணு வாரத்துப் பெயிண்ட் மேல ஃபிலிம் ஒட்டாதீங்க. பூத்ல வேகவச்ச பெயிண்ட்டா, காத்துல காயவச்சதா தெரியாதப்போ ரெண்டு மாசமாவது விடணும். உள்ள மிச்சம் இருக்கிற தின்னர் வெளியேறப் பார்க்கும், ஃபிலிம் மூடிட்டா பொரிப் பொரியா கொப்புளம் எழும்பும்.

காஞ்ச பிறகும் ஒரு ஆபத்து இருக்கு. பிளாஸ்டிக் பம்பருக்கு அடியில ஒட்டுப் பிரைமர் போடாம அடிச்சிருந்தா, நாளைக்கு ஃபிலிமை உரிக்கிறப்போ பெயிண்ட்டும் கூடவே பாயா வரும். இதைக் கடைக்காரர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க. பெயிண்ட் கனம் பார்க்கிற சாதாரண மீட்டர் தகட்டு மேலதான் வேலை செய்யும், பம்பர்ல அது எதையும் காட்டாது. கம்பெனிப் பெயிண்ட் தகட்டுல 100–150 மைக்ரான் சுத்தி நிக்கும், 300 காட்டினா மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கணும், இல்ல உள்ள பட்டி இருக்கணும்.

பம்பர் ஏன் கஷ்டம்? ஒரே துண்டு, மூணு பக்கம் வளைவு, நடுவுல ஃபாக் லேம்ப் குழி. டிபியு இழுத்தா வரும், ஆனா பழைய அளவுக்குத் திரும்பணும்னே பார்த்துக்கிட்டிருக்கும். அதிகமா இழுத்து ஒட்டின மூலை பத்து நாள்ல பல்லைக் காட்டும். இழுவையை ஒரே இடத்துல தேக்காம பரவலா பிரிச்சு விடணும். கைப்பழக்கம்னா அதுதான். கூலி அதுக்குத்தான் வாங்குறோம்.

கடையில கொடுக்கிறதா இருந்தா நாலு கேள்வி கேளுங்க. ரோல் பெட்டியை உங்க முன்னாடி திறப்பாங்களா, சீரியல் நம்பரை வாரண்டி கார்டுல ஏத்துவாங்களா? உங்க மாடலுக்கு, அதுவும் ஃபேஸ்லிஃப்ட்டுக்கு (மாடலோட முகப்பை மாத்தினதுக்கு) முந்தினதா பிந்தினதான்னு பார்த்து பிளாட்டர்ல (கம்ப்யூட்டர் அளவுப்படி வெட்டுற மெஷின்) வெட்டுறாங்களா, இல்ல வண்டி மேலயே பிளேடு ஓட்டுறாங்களா? விளிம்பை உள்ள மடிப்பாங்களா, ரெண்டு மில்லிமீட்டர் விட்டு நிறுத்துவாங்களா? ஒரு வாரம் கழிச்சு மூலை பார்க்கக் கூப்பிடுவாங்களா? முழு வண்டியை ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்னு சொன்னா வேற கடை பாருங்க. கழுவித் துடைக்கவே அரை நாள் போகும். வாரண்டி பெரும்பாலும் மஞ்சளாகுறது, வெடிக்கிறது மாதிரி ஃபிலிம் குறைக்குத்தான். கல்லடிக்கோ, நீங்களே ஒட்டி மூலை கிளம்பினதுக்கோ கிடையாது.

இன்னொன்னு. ஏற்கனவே செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல பூசுற பளபளப்புப் பூச்சு) போட்டிருந்தா அதைப் பாலிஷ் பண்ணி எடுக்காம ஃபிலிம் பிடிக்காது. கல்லடிக்கு செராமிக் பிரயோஜனமும் இல்ல.

ரெண்டாம்கியர்:
நன்றி அண்ணா, பம்பரை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். செராமிக் போடவில்லை. பானெட்டை நானே முயற்சி செய்யலாம் என்று தோன்றுகிறது. முழு வண்டிக்கும் போடுவது வீண் செலவா? எந்த மாதத்தில் ஒட்டுவது?

உப்புக்காத்து:
முழு வண்டி உங்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கல் முன்னால்தான் அடிக்கிறது. கூரைக்கும் கதவுக்கும் பணம் கொடுப்பது காக்கை எச்சத்துக்கும் கடைத்தெரு உரசலுக்கும். லேசான உரசல் டிபியுவில் வெயிலிலோ வெந்நீரிலோ ஆறிவிடும், உண்மை. ஆனால் பைக் ஹேண்டில் இடித்து உள்ளே போன தகட்டை எந்த ஃபிலிமும் வெளியே கொண்டுவராது. 3எம் கம்பெனி இந்த ஃபிலிமை முதலில் செய்ததே வியட்நாம் போர்க்கால ஹெலிகாப்டர் இறக்கைகளைத் தூசியும் சிதறலும் அரிக்காமல் இருக்கத்தான். வேகமாக வந்து படும் சின்னப் பொருளைத் தாங்குவதுதான் இதன் பிறவி வேலை.

தண்ணீர் விஷயத்தை யாரும் சொல்லவில்லையே! போர்வெல் தண்ணீரில் கரைசல் கலக்காதீர்கள், நாகை, வேதாரண்யம் பக்கம் கேட்கவே வேண்டாம். ஃபிலிமுக்கு அடியில் நீர் ஆவியானதும் உப்புப் புள்ளி வெள்ளையாக நிற்கும், அதை எடுக்க வழியில்லை. பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீர் 5 லிட்டர் கேன் இரண்டு வாங்கினால் பானெட்டும் சில்லறை இடங்களும் முடியும். ஆர்.ஓ. தண்ணீரும் சரி.

மாதம்? தையில் வேண்டாம். அறுவடை இயந்திரம் ஓடும் நாளில் வைக்கோல் தூசி ஊர் முழுக்க மிதக்கும், மூன்று பக்கம் திறந்த கொட்டகையில் ஒரு துரும்பு போதும். ஆடியில் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதத்தால் அடியில் தங்கிய நீர் வெளியேற வாரக்கணக்காகும், புகையான் பூச்சி வேறு விளக்கடியில் வந்து விழும். மாசிக் கடைசி, பங்குனி முதல் பாதி சரியான நேரம். விடிந்ததும் ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடியுங்கள். பேனல் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கணும், 20–30 டிகிரி. சித்திரையில் கறுப்பு பானெட் மதியம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கரைசல் காய்ந்து, பசை தொட்ட இடத்தில் கவ்விக்கொள்ளும். கொட்டகைக்கு மூன்று பக்கமும் தார்ப்பாய் கட்டி, முந்தின நாள் மாலையே நனைத்து வையுங்கள்.

வெட்டாறு83 சொன்ன 8–10 சொட்டு குளிர்ந்த பேனலுக்குச் சரி. வெயில் ஏறினால் 15 சொட்டு வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பசை பிடிக்காமல் பால் போல மங்கல் தங்கும்.

பிளேடு பற்றி ஒரு வார்த்தை. வண்டி மேல் வைத்து ஃபிலிம் வெட்டும்போது கிளியர் கோட்டில் (பெயிண்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சு) விழும் கீறல் அன்று தெரியாது. அது தகடு வரை இறங்கியிருந்தால், கடற்கரைக் காற்றில் அந்தக் கீறலில்தான் துரு முதலில் எழும். தொங்கும் ஃபிலிமை இடது கையால் தகட்டிலிருந்து விலக்கிப் பிடித்து, பானெட்டைத் திறந்து, விளிம்புக்கு வெளியே 6–8 மி.மீ. விட்டு வெட்டி உள்ளே மடியுங்கள். மடிப்பதற்கு முன் அந்த விளிம்பில் ஷாம்புத் தண்ணீர் இல்லாமல் ஒட்டும் கரைசலால் கழுவித் துடைத்துவிடணும். மூலை கிளம்புவதற்கு முக்கால்வாசிக் காரணம் அங்கே தங்கிய சோப்புதான். 30 டிகிரி முனை பிளேடு, ஒவ்வொரு அடி வெட்டுக்கும் ஒரு முனை ஒடித்துப் போடுங்கள். சிக்கனம் பார்க்கிற இடம் இதல்ல.

வெட்டாறு83:
பேட்டரி தண்ணீர் நான் சொல்லியிருக்கணும், விட்டுப்போச்சு. 15 சொட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ரெண்டாம்கியர், பானெட்டுக்கு முன்னால் நாலு கைப்பிடிக் குழியையும் ஏறும் படியையும் ஒட்டிப் பாருங்கள். அரை மீட்டர் ஃபிலிமில் கை புரிந்துவிடும். அதிலேயே பொறுமை போனால் பானெட்டைத் தொட வேண்டாம், பேசாமல் திருச்சிக்கு ஓட்டுங்கள். மூன்று மீட்டர் மட்டும் முதலில் வாங்குங்கள்: குழிக்கும் படிக்கும் அரை, பானெட்டுக்கு 1.25, மீதி அது கெட்டால் இன்னொரு பானெட்டுக்கு.

பாலிஷ்பட்டறை:
ஒட்டின பிறகு: 24 மணி நேரம் வண்டி நிழல்லயே நிக்கட்டும், ஒரு வாரம் கழுவாதீங்க. நீர்க்கொப்புளம் ரெண்டு வாரத்துல தானா போயிடும், ஊசி வேண்டாம். அழுத்தினா நகராம அப்படியே நிக்கிறது காத்துக்கொப்புளம். அதுக்குத்தான் மெல்லிய ஊசியால சாய்வா ஒரு குத்து. பிரஷர் வாஷ் முனையை விளிம்புக்கு நேரா காட்டாம ரெண்டு அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க.

ராத்திரி வயக்காட்டு ரோட்டுல வந்து அப்புற பூச்சியை மறுநாளே ஈரத்துணி போட்டு ஊறவச்சு எடுத்துடுங்க. ஆயுத பூஜைக்கு பானெட்டுல மஞ்சளும் குங்குமமும் நேரா வைக்காதீங்க, அந்தச் சாயம் டிபியுவுக்குள்ள இறங்கிடும், துடைச்சா வராது. நம்பர் பிளேட்டுலயோ கண்ணாடியிலயோ வச்சுக்கலாம். மாலையை டேப் போட்டு ஃபிலிம் ஓரத்துல ஒட்டாம, கிரில்லுல நூலால கட்டுங்க.