கேண்டிமேன் (1992): அந்த மருந்து அலமாரி விஷயம் நிஜமா?

கேள்வி

நேற்று ராத்திரி தனியாக உட்கார்ந்து 'கேண்டிமேன்' பார்த்தேன். 1992-இல் பெர்னார்ட் ரோஸ் எடுத்த படம், 2021-இல் வந்தது இல்லை. கண்ணாடி முன்னால் நின்று கேண்டிமேன் என்ற பேயின் பெயரை ஐந்து தடவை சொன்னால், கைக்குப் பதில் கொக்கியோடு பின்னால் வந்து நிற்பான். இந்த அளவுக்குத்தான் முன்பே தெரியும். இப்படி ஒரு கதையைச் சின்ன வயதில் கேட்காதவர்கள் யார்? அதனால் பெரிதாகப் பயம் வராது என்று நினைத்தேன்.

கொக்கி என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆராய்ச்சி மாணவி ஹெலன் தன் வீட்டுக் குளியலறையில் கண்ணாடி பதித்த மருந்து அலமாரியைக் கழற்றித் தோழிக்குக் காட்டுகிறாளே, அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பின்னால் சுவர் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த அலமாரி மட்டும்தான். அப்புறம் சிகாகோவின் கப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் கொலை நடந்த வீட்டுக்குப் போய், அதே மாதிரி ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைகிறாள். கேமரா மெதுவாகப் பின்னால் வருகிறது. அவள் நுழைந்த ஓட்டை, சுவர் முழுக்க வரைந்திருக்கும் ஒரு முகத்தின் வாய். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டேன்.

இரண்டு கேள்வி. நிஜமாகவே இப்படி வீடு கட்டினார்களா? இன்னொன்று, படம் முடிந்து பல் துலக்கும்போது கண்ணாடியில் என் முகம் ஏதோ மாறுகிற மாதிரி தெரிந்தது. உங்கள் யாருக்காவது இப்படி ஆனதுண்டா? முடிவு பற்றி இங்கே யாரும் எழுத வேண்டாம், பார்க்காதவர்கள் இருப்பார்கள்.

மறுமொழி 1

கட்டினார்கள். சம்பவமும் நிஜம்தான், ஆனால் நடந்தது கப்ரினி-கிரீனில் இல்லை. சிகாகோவின் மேற்குப் பகுதியில் இருந்த வேறொரு அரசுக் குடியிருப்பில், 1987 ஏப்ரலில். இரண்டு வீட்டு மருந்து அலமாரிகளையும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் தண்ணீர்க் குழாய் போக இடுக்கு விட்டிருந்தார்கள். குழாய் பழுது பார்க்க வசதிக்காக விட்ட இடம், ஆள் நுழையும் வழியாகிவிட்டது. அங்கே தனியாக இருந்த ஐம்பது வயது தாண்டிய ஒரு கறுப்பினப் பெண்மணி, பக்கத்து வீட்டுக்காரர்கள் அலமாரியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பார்க்கிறார்கள் என்று போலீஸுக்குப் போன் செய்தார். குளியலறை அலமாரி வழியாக ஆள் வருகிறான் என்று சொன்னால் கேட்பவருக்கு என்ன புரியும்? போலீஸ் வந்தது, கதவைத் தட்டியது, பதில் இல்லை என்று திரும்பிப் போனது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக அக்கம்பக்கத்தாரும் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கதவைத் திறந்து உடலை எடுத்தார்கள். படத்தில் வரும் கொலையுண்ட பெண்ணுக்கும் ஏறக்குறைய அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நான் இந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்தவன். முதல் தடவை பேய்ப் படமாகத்தான் பார்த்தேன். இதைப் படித்த பிறகு பார்த்தபோது படமே வேறாகிவிட்டது. மூலக்கதை கிளைவ் பார்க்கர் எழுதியது, அது இங்கிலாந்தின் லிவர்பூல் பக்கம் நடக்கிறது. ரோஸ் அதைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து, கொக்கியோடு வருபவனை அடிமையின் மகனாக, வெள்ளைக்காரப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கும்பல் கொன்ற ஓவியனாக மாற்றினார். அதனால்தான் அந்தக் கதை அந்தக் குடியிருப்பில் இவ்வளவு இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. அங்கே இருப்பவர்கள் கேண்டிமேனை நம்புவது ஏமாளிகள் என்பதால் இல்லை. கொலை நடக்கிறது, கேட்க யாரும் வருவதில்லை. நடந்ததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருக்கிறது, வைக்கிறார்கள். இரண்டு பேர் செத்தபோது வராத போலீஸ், ஹெலனை ஒருவன் அடித்தவுடன் மொத்தக் குடியிருப்பையும் வளைக்கிறது. அடுத்த தடவை பார்க்கும்போது இதைச் சொல்லும் வசனத்தைக் கவனியுங்கள்.

மறுமொழி 2

முகம் மாறுவது பற்றி மட்டும் சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஜியோவான்னி கபூத்தோ என்ற இத்தாலிய உளவியலாளர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலான வெளிச்சத்தில் 50 பேரைப் பத்து நிமிடம் கண்ணாடியில் தங்கள் முகத்தையே பார்க்கச் சொன்னார். 66 சதவீதம் பேர் முகம் பயங்கரமாகக் கோணிப்போனதாகச் சொன்னார்கள். சிலருக்கு இறந்துபோன பெற்றோர் முகமே தெரிந்தது. ஒரே புள்ளியை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் இருப்பவை மங்கி மறையும் என்று சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-லேயே எழுதிவிட்டார். மறைந்த இடத்தை மூளை எதையாவது போட்டு நிரப்புகிறது. 'பிளடி மேரி' என்று பேயைக் கூப்பிட்டு இருட்டில் கண்ணாடி முன் நிற்கும் பிள்ளைகள் அதனால்தான் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு ஏதோ தெரியத்தான் செய்கிறது. விளக்கைப் போட்டுவிட்டுப் பல் துலக்குங்கள்.

மறுமொழி 3

இசையைப் பற்றி யாருமே பேசவில்லையே! பிலிப் கிளாஸ். பாடகர் குழுவும் ஆர்கனும் வைத்து, சிகாகோவின் சாலைகளை மேலிருந்து காட்டும் அந்தத் தொடக்கத்திலேயே கோயிலுக்குள் நுழைந்த மாதிரி ஆக்கிவிடுகிறார். அப்புறம் கேண்டிமேனாக வரும் டோனி டாட். வாயில் நிஜத் தேனீக்களை வைத்துக்கொண்டு நடித்த மனிதர். ஒரு கொட்டுக்கு 1000 டாலர் என்று ஒப்பந்தம் போட்டு, 23 கொட்டு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். 2024 நவம்பரில் காலமானார். வாகன நிறுத்தத்தில் 'ஹெலன்' என்று கூப்பிடும் அந்தக் குரலுக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. முதல் மறுமொழியைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், இந்தத் தடவை பகலில். அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அந்தப் பெண் ஹெலனிடம் கொலையைப் பற்றிச் சொல்லும் இடத்தில், சுவர் வழியாக யாரோ வருகிறார்கள் என்று கொலையானவள் போலீஸுக்குப் போன் செய்தாள், அவர்கள் நம்பவில்லை என்கிறாள். நேற்று அது என் காதிலேயே விழவில்லை, கொக்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குளியலறை அலமாரியையும் திறந்து பின்பலகையைத் தட்டிப் பார்த்தேன். கெட்டிச் சுவர்தான். ஆனால் அலமாரி அந்தப் பக்கமிருந்து நகர்வதைப் பார்த்துக்கொண்டே போனில் ஒருவருக்குப் புரியவைக்கப் போராடிய அந்த அம்மாவை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.