ஃபிரிஸ்டனின் மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது?

அளவுகோல்:
லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் நரம்பியல் அறிஞர் கார்ல் ஃபிரிஸ்டனைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே எல்லோரும் எண்களைத்தான் எடுத்து வைக்கிறார்கள். 2016-இல் செமான்டிக் ஸ்காலர் தேடுதளம் நரம்பியலில் மிகுந்த செல்வாக்குள்ளவர் என்று அவரை முதலிடத்தில் வைத்தது. அவருடைய எச்-இன்டெக்ஸ் 200-ஐத் தாண்டியது. அதாவது, தலா 200 முறைக்குக் குறையாமல் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் மட்டுமே 200-க்கு மேல். இந்த அளவீட்டை 2005-இல் முன்மொழிந்த இயற்பியலாளர் ஹிர்ஷ், தம் துறையில் 20 ஆண்டு உழைத்தவருக்கு 40 இருந்தாலே மிகச் சிறந்தவர் என்றார்.

இந்த எண்ணின் பெரும்பகுதி எஸ்.பி.எம். என்ற ஒரு மென்பொருளைச் சுற்றி வந்தது. மூளை செயல்படுவதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களை அதில் அலசுகிறவர்கள் 'இந்த முறையில் கணக்கிட்டோம்' என்று சொல்ல அவருடைய கட்டுரையைச் சுட்டுகிறார்கள். அது அவர் கருத்தை ஏற்றதற்குச் சான்றாகாது. அவரை முதலிடத்தவர் என்பது எண்ணைப் பார்த்து மயங்குவதே.

செங்காந்தள்:
கடுமையாக மறுக்கிறேன். நான் மூளைப் படங்களோடுதான் நாள்தோறும் வேலை செய்கிறேன். எஸ்.பி.எம். வருவதற்கு முன் பெரும்பாலும் ஆய்வாளரே படத்தின் மேல் ஒரு பகுதியைக் கையால் வரைந்து, அதற்குள் மட்டும் அளந்தார். எங்கே வரைவது என்பதும் அவர் முடிவு. ஃபிரிஸ்டன் 1990-களின் தொடக்கத்தில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் பெட் (கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும்) மூளைப் படங்களோடு வேலை செய்தபோது அந்த நிலையை மாற்றினார். எல்லாருடைய மூளையையும் ஒரே வெளிக்குப் பொருத்தி, படத்தின் மிகச் சிறிய கனத்துண்டான ஒவ்வொரு வாக்செலிலும் புள்ளியியல் சோதனை நடத்தி, அவ்வளவு சோதனைகளால் வரும் பிழைக்கும் திருத்தம் செய்யும் வழியைக் காட்டினார். மூளையில் எதைக் கேள்வியாகக் கேட்கலாம் என்பதையே அது மாற்றிவிட்டது. மென்பொருளையும் இலவசமாகவே கொடுத்தார்கள். எத்தனையோ பேர் பெயரை மட்டும் குறிப்பிட்டுவிட்டு மேற்கோளே தராமல் போகிறார்கள். அதனால் எண்ணிக்கை உண்மையில் குறைவாகத்தான் இருக்கிறது.

வைகறை:
செங்காந்தள், 2016-இல் எக்லுண்ட், நிக்கல்ஸ், க்னுட்சன் மூவரும் வெளியிட்ட சோதனையை விட்டுவிட்டீர்கள். ஓய்வு நிலையில் எடுத்த படங்களில், அதாவது கண்டுபிடிக்க எதுவும் இல்லாத இடத்தில், எஸ்.பி.எம். உட்பட மூன்று மென்பொருள்களை ஓட்டிப் பார்த்தார்கள். 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்பு சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போனது. ஒரு முறை எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு தூரம் அதன் பிழையும் பரவும். மேற்கோள் இரண்டையும் ஒன்றாகவே கூட்டிக்கொள்கிறது.

செங்காந்தள்:
பாதியைச் சொல்லிவிட்டீர்கள். அடுத்தடுத்த வாக்செல்கள் சேர்ந்த கொத்துகளைப் பிரிக்கும் வரம்பைத் தளர்வாக 0.01 என்று வைத்தவர்களுக்குத்தான் அந்த மோசமான விளைவு. 0.001 வைத்தால் நிலைமை மிகவும் மேம்படுகிறது. வாக்செல் அளவிலான சோதனை தாங்கியே நின்றது. 40,000 ஆய்வுகள் கேள்விக்குள்ளாயின என்று முதலில் எழுதிய ஆசிரியர்களே அந்த வரியைப் பிறகு திருத்தினார்கள்.

வைகறை:
சரி, வரம்பைத் தேர்ந்தவரின் குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். எண்ணிக்கை வேறு வழியிலும் ஏமாற்றும். அதே யூனிவர்சிட்டி காலேஜில் ஜான் ஓ'கீஃப் இருக்கிறார். எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில், எலி இருக்கும் இடத்தைப் பொறுத்துத் துடிக்கும் செல்கள் உண்டு என்று 1971-இல் தாஸ்ட்ரோவ்ஸ்கியுடன் எழுதியது ஐந்தே பக்கம். பலர் நம்பவில்லை. நோபல் பரிசு வர 2014 ஆயிற்று. 1975-இல் மேற்கோளை எண்ணி வேலை கொடுக்கும் தேர்வுக் குழு ஒன்று இருந்திருந்தால் அவர் என்னவாகியிருப்பார்? எனக்கு ஃபிரிஸ்டன் மேல் கோபம் இல்லை. இந்த எண்ணை வைத்து இளம் ஆய்வாளர்களை வடிகட்டுகிறவர்கள் மேல்தான்.

அளவுகோல்:
மேற்கோள் கருத்தை ஏற்றதற்குச் சான்றா என்ற என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. மூளை தன் கணிப்புக்கும் புலன்கள் தருவதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறைக்க முயல்கிறது என்னும் அவருடைய கொள்கையான கட்டற்ற ஆற்றல் தத்துவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சோதித்துப் பொய்ப்பிக்க முடியாது, அது இயற்பியலில் இயக்கங்களை வருவிக்கப் பயன்படும் சிறும வினைத் தத்துவத்தைப் போன்ற ஒன்று என்று அவரே சொல்லியிருக்கிறார். 2010-இல் வந்த அவருடைய விளக்கக் கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள். எஸ்.பி.எம். கட்டித் தந்த புகழ் இல்லாமல் இந்தக் கணிதத்தை இத்தனை பேர் பொறுமையாகப் படித்திருப்பார்களா?

செங்காந்தள்:
படித்திருக்க மாட்டார்கள். புகழ் கதவைத் திறந்தது, உண்மை. ஆனால் பொய்ப்பிக்க முடியாது என்பது தத்துவத்துக்கு. அதிலிருந்து கட்டும் மாதிரிகளைச் சோதிக்கலாம், சோதிக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் தனித்தனியாக எடுத்துப் பேசுவோம், வாருங்கள்.

வைகறை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். பிரிட்டனின் 2021 ஆய்வு மதிப்பீட்டில் ஒருவருக்கு அதிகபட்சம் ஐந்து படைப்புகளைத்தான் ஏற்றார்கள். குழுவினர் அவற்றைப் படித்து மதிப்பிட்டார்கள். ஃபிரிஸ்டனுக்கு ஐந்தைத் தேர்ந்து இங்கே இடுங்கள் செங்காந்தள். மென்பொருள் கட்டுரை இரண்டுக்கு மேல் வேண்டாம்.