புதுப்பிப்பு: தனிம அட்டைகள், இரண்டாம் முயற்சி

ஒன்பதாம் வகுப்பில் குழுவுக்கு நான்கு பேராக உட்காரவைத்தும், கெட்டிக்காரப் பையன் ஒருவனே எல்லாவற்றையும் எழுத, மற்ற மூவரும் பார்த்து எழுதினார்கள் என்று சென்ற வாரம் புலம்பியிருந்தேன். இம்முறை ஒரே ஒரு விதியை மாற்றினேன்: அட்டையைக் காட்டக்கூடாது, வாயால்தான் கேட்க வேண்டும்.

கார்பன், சிலிக்கான், வெள்ளீயம், ஈயம். ஆளுக்கு ஓர் அட்டை. அணு நிறையும் பண்புகளும் அதில். தனிம வரிசை அட்டவணையில் இவை நிற்கும் நெடுவரிசையில் சிலிக்கானுக்குக் கீழே ஒரு கட்டம் காலி. அங்கே வரவேண்டிய தனிமத்தின் நிறையைக் கணிக்க, மேலே உள்ள சிலிக்கானின் 28ஐயும் கீழே உள்ள வெள்ளீயத்தின் 119ஐயும் கேட்டு வாங்கியாக வேண்டும். சிலிக்கான் அட்டை, வாயே திறக்காத ஒரு மாணவியிடம். வேறு வழியில்லாமல் எல்லாரும் அவளிடம் போனார்கள். இரண்டாம் சுற்றில் "மெதுவாகக் கேளுங்கள்" என்று அதட்டவே தொடங்கிவிட்டாள்!

சராசரி 73.5 வந்தது. தனிம அட்டவணையை அமைத்த மெண்டலீவ் அந்தக் காலிக் கட்டத்துக்கு 1871இல் 72 என்று கணித்ததையும், 1886இல் வேதியியலாளர் விங்க்ளர் கண்டுபிடித்து அங்கே இடம்பெற்ற ஜெர்மானியத்தின் நிறை 72.6 என்பதையும் அதன் பிறகே சொன்னேன். வகுப்பு ஒரு நொடி அமைதியானது.

கூச்சல் மட்டும் குறையவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். அடுத்த முறை மரத்தடியில்தான்.