குடும்பக் குழு: லெஃப்ட் ஆக்ஸில் வெளிய வந்துடுச்சு

பிரபு: மாமா, கியர் போட்டா இன்ஜின் ரெய்ஸ் ஆகுது, வண்டி நகரல. கீழ குனிஞ்சு பார்த்தா லெஃப்ட் ஆக்ஸில், கியர்பாக்ஸ்ல இருந்து முன் சக்கரத்தைச் சுத்துற தண்டு, கியர்பாக்ஸை விட்டு ரெண்டு விரக்கடை வெளிய நிக்குது. தரையெல்லாம் கியர் ஆயில். அப்படியே உள்ள தள்ளிடலாமா?

சேகர் மாமா: ஏன் வந்துச்சுன்னு பார்த்துட்டுத் தள்ளு. உள்பக்க முனையில, ஆக்ஸில் கழண்டு வராம பிடிச்சு வைக்கிற கம்பி வளைய லாக் தேஞ்சிருக்கும். இல்லன்னா லோயர் ஆர்மையும் (சக்கரத்தைக் கீழ தாங்குற கை) ஹப்பையும் (சக்கரம் மாட்டுற நடுப்பகுதி) இணைக்கிற பால் ஜாயின்ட் கழண்டு ஹப் வெளிய சாஞ்சிருக்கும். இன்ஜினைத் தாங்குற ரப்பர் மவுண்ட் கிழிஞ்சாலும் இப்படி ஆகும்.

பிரபு: பால் ஜாயின்ட், மவுண்ட் ரெண்டும் ஆடல. ஆனா ஆக்ஸிலோட வெளி முனையை ஹப்போட இறுக்கிற ஹப் நட்டு கையாலயே திரும்புது.

சேகர் மாமா: அப்ப வண்டியைத் தள்ளி நிறுத்தக்கூட வேணாம்டா. வீல் பேரிங்கோட உள் வளையம் ரெண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறதே அந்த நட்டுதான். அது லூஸா இருக்கும்போது வெயிட் விழுந்தா பேரிங் போச்சு.

ரேவதி அக்கா: புது ஹப் நட்டு, புது லாக், புது ஆயில் சீல் வாங்கிக்கோ. மேனுவல் சொல்ற கியர் ஆயிலும் வேணும். ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்ட் வை, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு.

பிரபு: பழைய நட்டையே போட்டா என்னக்கா?

ரேவதி அக்கா: நட்டு கழலாம இருக்க ஒருதடவை தட்டி மடக்கின அதோட விளிம்பு நிமிர்ந்தா பிடிக்காது. அதனாலதான் இப்ப தானா கழண்டிருக்கும்.

சேகர் மாமா: பால் ஜாயின்ட் போல்ட்டைக் கழட்டி, ஆர்மைக் கீழ அமுக்கி, ஹப்பை வெளிய இழு. பிரேக் ஹோஸ் இழுபடக் கூடாது. ஆக்ஸிலை எடுத்து கியர்பாக்ஸ் வாயில இருக்கிற ஆயில் சீலை மாத்து, சீல் உதட்டுல கிரீஸ் தடவு. புது லாக்கை மாட்டி, பல் சேர்ற வரைக்கும் மெதுவா சுத்தி நேரா தள்ளு. கோணலாப் போனா புது சீலே கிழியும். "டக்"னு உக்காரணும். இழுத்துப் பார்க்கும்போது கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற உள் ஜாயின்ட்டோட கூட்டைப் பிடிச்சு இழு. நடுத் தண்டைப் பிடிச்சு இழுத்தா ஜாயின்ட் உள்ளயே பிரிஞ்சிடும்.

ரேவதி அக்கா: பால் ஜாயின்ட் தண்டுல ஒரு பள்ளம் இருக்கும், போல்ட் அது வழியாத்தான் போகணும். முட்டுச்சுன்னா அடிச்சு ஏத்தாதே, தண்டு இன்னும் மேல ஏறணும்னு அர்த்தம்.

பிரபு: ஹப் நட்டு எவ்வளவு டைட்?

சேகர் மாமா: மாடலுக்கு மாடல் மாறும், மேனுவல் பாரு. 200 நியூட்டன் மீட்டர்னு போட்டிருந்தா, ஒரு மீட்டர் பைப் நுனியில 20 கிலோ தொங்குற அளவு. கையால குத்துமதிப்பா வராது, இறுக்கத்தை அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச் வாடகைக்கு எடு. சக்கரம் தரையில படாம மேல இருக்கும்போதே அத்தை பிரேக்கை மிதிக்கட்டும், நீ முறுக்கு. கடைசி முறுக்குக்கு ஏர் கன் வேணாம், எவ்வளவு இறுகுச்சுன்னே தெரியாது. அப்புறம் மொட்டை உளியால நட்டு விளிம்பை ஆக்ஸில் பள்ளத்துக்குள்ள தட்டி மடக்கு.

ரேவதி அக்கா: வண்டியை மட்டமா நிறுத்தி, கியர்பாக்ஸோட லெவல் ஓட்டையில ஆயில் வழியிற வரை ஊத்து. சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டு. ஆட்டம் தெரிஞ்சா பேரிங் ஏற்கெனவே அடிபட்டிருக்கு, அதையும் மாத்தித்தான் ஓட்டணும்.

பிரபு: சரிக்கா. நட்டும் லாக்கும் வாங்கக் கிளம்புறேன்.

சேகர் மாமா: பழைய நட்டையும் லாக்கையும் கையில எடுத்துட்டுப் போ. மரையும் சைஸும் ஒண்ணா இருக்கான்னு அங்கேயே வச்சுப் பாரு.