கொல்லையில் நாலு கோழி வளர்க்க ஆசை: குஞ்சாக வாங்குவதா, விடையாக (முட்டையிடத் தொடங்கும் இளம் பெட்டையாக) வாங்குவதா?

கேள்வி (கும்பகோணம் பக்கம்):

வணக்கம். ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன, வயது 63. கொல்லையில் ஒரு முருங்கையும் இரண்டு வாழையும் போக இருபதுக்கு முப்பதடி இடம் சும்மா கிடக்கிறது. சிறுவயதில் அம்மாச்சி வீட்டில் பொழுது சாயும்போது கோழிகளைப் பிடித்துப் பஞ்சாரத்தில் அடைப்பது என் வேலையாக இருந்தது. கோழி வளர்ப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சென்ற மாதம் சைக்கிளில் வந்தவரிடம் பச்சையும் ரோஸுமாகச் சாயம் ஏற்றிய பத்துக் குஞ்சுகளை வாங்கி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன். நான்காம் நாளுக்குள் எட்டு இறந்துவிட்டன, மற்ற இரண்டும் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. "இந்த வயதில் இது தேவையா?" என்கிறார் என் கணவர். சேவல் கூவினால் தூக்கம் கெடும் என்று பக்கத்து வீட்டார் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். முழங்கால் வலி இருப்பதால் என்னால் அதிகம் குனிய முடியாது. வியாபாரம் செய்யும் எண்ணம் இல்லை. வீட்டுக்கு முட்டையும் எனக்குப் பொழுதும் கிடைத்தால் போதும். எப்படித் தொடங்கலாம்?

பதில் (பட்டுக்கோட்டை):

அம்மா, அந்தக் கலர்க்குஞ்சுகள் இறந்ததற்கு நீங்கள் வருந்த வேண்டாம். முட்டைக்கோழிப் பண்ணைகளுக்காகப் பொரிக்கப்படும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். பண்ணைக்கு உதவாத அவற்றைத்தான் சாயம் தோய்த்துத் தெருவில் விற்கிறார்கள். பிழைத்திருந்தாலும் உங்களுக்கு ஒரு முட்டைகூடக் கிடைத்திருக்காது. தாயில்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். பல்பு இல்லாத அட்டைப்பெட்டியில் அது நடக்காது.

ஆகவே முதல் ஆண்டில் குஞ்சின் பக்கமே போகாதீர்கள். அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவரிடம், முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் உள்ள சிறுவிடை என்னும் சிறிய ரக நாட்டுக்கோழிப் பெட்டைகளாக நான்கு வாங்குங்கள். கொண்டை சிவந்திருக்க வேண்டும், காலின் செதில்கள் வழவழப்பாக இருக்க வேண்டும். பின்புறம் எச்சத் துவாரத்துக்குக் கீழே இரண்டு எலும்புகள் கைக்குத் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி, ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் இன்னும் நாளிருக்கிறது அல்லது முட்டை நின்றுவிட்டது என்று பொருள்.

சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். எனவே பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கலுக்கு இடமே இல்லை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும் என்பதால், ஆண்டுக்கு ஒரு கோழிக்கு 60 முதல் 80 முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நான்கு கோழி இருந்தால் இரண்டு பேருக்கு அது தாராளம்.

பதில் (மன்னார்குடி):

மேலே சொன்னவர் நோயைப் பற்றிப் பேசவில்லை; நான் கையைச் சுட்டுக்கொண்டது அதில்தான். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே சந்தையில் ஒருவரிடம், தடுப்பூசி போட்டாயிற்று என்ற சொல்லை நம்பி, பன்னிரண்டு கோழிகள் வாங்கினேன். மாசி மாதம் ஒரு காலையில் ஒரு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மூலையில் நின்றது. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது. மறுநாள் இன்னொன்று கழுத்தை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. ஒரே வாரத்தில் கூடு காலி. வெள்ளைக்கழிச்சல் என்றும் இராணிக்கெட் என்றும் சொல்லப்படும் இந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி போடுவது ஒன்றே வழி.

குஞ்சாக இருந்தால் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. நீங்கள் வளர்ந்த கோழி வாங்கினாலும், போட்டதா இல்லையா என்ற பேச்சுக்கே இடம் தராமல் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். ஒரு குப்பி நூறு கோழிகளுக்கு மேல் வரும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். நாலு கோழிக்காக ஒரு குப்பியை உடைக்கத் தயங்குவார்கள் என்பதால், தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரையும் ஒரே நாளில் திரட்டுவது நல்லது. எங்கள் தெருவில் இப்போது அந்தத் திரட்டும் வேலை என்னுடையது. புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியே அடைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

பதில் (திருவாரூர்):

முழங்கால் வலிக்காரர்கள் தரையில் கூடு கட்டக் கூடாது. இரண்டரை அடி உயரக் கால்களின் மேல் கூட்டை நிறுத்தி, முட்டைப் பெட்டிக்கு வெளிப்பக்கமாக ஒரு கதவு வைத்துவிட்டால் நின்றபடியே முட்டை எடுக்கலாம். சாதாரணக் கோழிவலையை நாய் கடித்துக் கிழித்துவிடும், இடுக்கு இருந்தால் கீரியும் மரநாயும் நுழைந்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த கம்பிவலைதான் தாங்கும். கூட்டின் தளத்தில் நெல் உமி பரப்புங்கள். கோழிக்கூடு நாறுகிறது என்றால் அது பெரும்பாலும் ஈரத்தின் குற்றம். ஐப்பசி அடைமழையில் சாரல் உள்ளே அடிக்காமல் கூரையை ஒன்றரை அடி வெளியே இழுத்துவிடுங்கள்.

கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. நான்கு விடைகள் என்று முடிவு செய்து, தச்சரிடம் கூட்டுக்குச் சொல்லிவிட்டேன். அளவெடுக்க வந்தவரிடம் கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று விளக்கியவர் என் கணவர்தான். தீனியாகக் குருணை மட்டும் போட்டால் போதுமா? உடம்பு சரியில்லாத கோழியை என்னைப் போன்றவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் (பட்டுக்கோட்டை):

குருணை மட்டும் போதாது. கம்பு, தவிடு ஆகியவற்றோடு புரதத்துக்குக் கொஞ்சம் கருவாட்டுத்தூள் கலந்து, முட்டை ஓட்டுக்காகக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பழைய பானையில் காய்ந்த சாணத்தையும் கிழிந்த சாக்கையும் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்துவிட்டால் மறுநாள் காலை கோழிகளுக்கு விருந்து.

நோயைக் கண்டுபிடிக்க, அடைக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் மேய்ந்த கோழிக்கு அது எலுமிச்சங்காய் போலத் திரண்டிருக்கும். தளர்ந்து வெறுமையாக இருந்தால் அந்தக் கோழியை அன்றிரவே பிரித்து வையுங்கள். பஞ்சாரத்தில் அடைக்கும்போது உங்கள் அம்மாச்சியும் தொட்டுப் பார்த்திருப்பார். சற்று யோசித்துப் பாருங்கள்.