"என்று சொன்னால் சரிதான்": நிபுணர் சாட்சியாகக் கூண்டேறியவர்களின் அனுபவப் பகிர்வு

கூண்டேறி (சட்ட மருத்துவம்)

கொலை வழக்கு, செஷன்ஸ் கோர்ட், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரின் சாட்சியம். அரசுத் தரப்பு கேட்கும் முதல் விசாரணை எப்படிப் போகும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் உறுத்துவது, உச்சந்தலைக் கிழிகாயத்தைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் வந்த ஒரே கேள்வி: "கருங்கல் தரையில் தலை மோதி விழுந்தால் இரண்டாவது காயம் ஏற்படுமா டாக்டர்?"

நான் சொன்ன பதில்: "அந்தக் கிழிகாயத்தை மட்டும் தனியாக எடுத்தால் ஏற்படலாம். ஆனால் அதற்குக் கீழே உச்சியில் மண்டையோடு உள்ளே அமுங்கி உடைந்திருக்கிறது. மூளைக் கன்றலும் அடிபட்ட இடத்துக்குக் கீழேயே இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் இல்லை." சாட்சியத் தாளில் ஏறியது: "கீழே விழுந்தால் இரண்டாவது காயம் ஏற்பட வாய்ப்புண்டு என்று சொன்னால் சரிதான்." "ஆனால்" என்ற சொல் வாயிலிருந்து வரும்போதே தட்டச்சு நின்றுவிட்டது. எதிர்தரப்பு வக்கீல் அடுத்த கேள்விக்குப் போயிருந்தார்.

விழுந்த தலைக்கும் அடிபட்ட தலைக்கும் வித்தியாசம் மூளையில் தெரியும். பின்மண்டை தரையில் மோத விழுந்தவருக்கு முன்மூளையிலும் பொட்டுப் பக்க மூளையின் முனையிலும் கன்றல் வரும், அதாவது மோதிய இடத்துக்கு எதிர்ப்பக்கம். அசையாமல் இருந்த தலையில் கட்டை விழுந்தால் கன்றல் விழுந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கும். தொப்பி விளிம்பு படும் கோட்டுக்கு மேலே காயம் இருந்தால் அடி என்று சந்தேகிக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக் கூண்டில் முடிவு சொல்லக் கூடாது, மாடிப்படியில் உருண்டவருக்கு உச்சியிலும் காயம் வரும்.

இதைவிட மோசமானது அடுத்த கேள்வி. "மூளைக் கன்றல் எந்தப் பக்கம் என்று பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் இல்லை என்று சொன்னால் சரிதானே?" சரிதான். சான்றிதழில் இருந்தது "உச்சந்தலையில் 6 x 1 செ.மீ. எலும்பு ஆழக் கிழிகாயம்", "மூளையில் கன்றல் காணப்பட்டது", அவ்வளவுதான். பக்கம் இல்லை, அளவு இல்லை. போலீஸ் விசாரணை வாக்குமூலத்திலும் இல்லை. மேசையில் கண்ணால் பார்த்தது காகிதத்தில் இல்லாவிட்டால், கூண்டில் அது வழக்குக்காகப் புதிதாகச் சொன்ன கதையாகத்தான் கேட்கும்.

கறுப்புக் கோட்டு (வழக்கறிஞர், குற்றவியல்)

டாக்டர், வக்கீலையும் தட்டச்சரையும் குறை சொல்வதில் பாதிதான் நியாயம். குறுக்கு விசாரணையில் "ஆமாம், இல்லை" வாங்குவது எங்கள் வேலை. பதிலை முடிப்பது சாட்சியின் உரிமை. நீதிபதியைப் பார்த்து, "ஐயா, என் பதில் முடியவில்லை, இரண்டு பகுதிகளும் சேர்ந்துதான் பதில்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தைத் தடுத்த நீதிபதியை நான் பார்த்ததில்லை.

சாட்சியம் முடிந்ததும் அதைப் படித்துக்காட்ட வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 278, இப்போது அதற்குப் பதில் வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 313. சாட்சி திருத்தம் சொன்னால் நீதிபதி திருத்தலாம். திருத்த மறுத்தாலும் சாட்சியின் ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதிவைக்கலாம். இரண்டில் எது நடந்தாலும் மேல்முறையீட்டில் அது கண்ணில் படும். ஆனால் நடைமுறையில் டாக்டர்கள் ஓபி நேரம் ஆகிறது என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். குறுக்கு விசாரணைக்குப் பிறகு வரும் மறு விசாரணையில் அந்த "ஆனால்" பகுதியைக் கேட்டு வாங்க வேண்டியவர் அரசு வழக்கறிஞர். முன்னால் பத்து நிமிடம் அவரோடு உட்கார்ந்து சான்றிதழைப் புரட்டியிருந்தால் அவருக்குக் கேட்கத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று: கருத்துக்கான காரணமும் சாட்சியமே என்கிறது சாட்சியச் சட்டம் (பழையதில் பிரிவு 51, புதிய சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏவில் 45). காரணம் சொல்லாத நிபுணர் கருத்தை உடைக்க எங்களுக்கு ஒரு கேள்வி போதும்.

மைத்துளி (ஆவண ஆய்வு)

புரோநோட்டு வழக்கு. கையெழுத்து தன்னுடையது இல்லை என்று பிரதிவாதி சொல்கிறார். குறுக்கு விசாரணையில் வக்கீல் இரண்டு ஜெராக்ஸ் தாள்களை நீட்டி, பெயர் எழுதிய இடத்தைக் கையால் மறைத்து, "இதில் எது அசல் கையெழுத்து? இப்போதே பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். கோர்ட்டே அமைதியானது. அந்த இடத்தில் யூகித்துப் பதில் சொன்னவர்கள் பலர். சரியாக இருந்தாலும் தப்பாக இருந்தாலும் நிபுணர் அங்கேயே தோற்றார். "ஜெராக்ஸில், இந்த வெளிச்சத்தில், உருப்பெருக்கி இல்லாமல் கருத்துச் சொல்வதற்கில்லை" என்பதுதான் அங்கே பதில்.

ஜெராக்ஸில் பேனா அழுத்தம் தெரியாது. பேனா எடுத்து வைத்த இடம், கோட்டின் நடுக்கம், மை மேல் மை ஏறிய வரிசை எதுவும் நம்பும்படி தெரியாது. அசலைச் சாய்வு வெளிச்சத்திலும் ஊடுருவும் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். பார்த்து வரைந்த போலிக் கையெழுத்தின் வடிவம் அச்சாகப் பொருந்தும், வேகம் பொருந்தாது. கோடு முழுக்க ஒரே தடிமனில் ஓடும், முடிவில் பேனா மெலிந்து விலகாமல் மொட்டையாக நிற்கும்.

உண்மையான சிக்கல் ஒப்பீட்டுக்கு வரும் கையெழுத்துகளில்தான். பெரும்பாலும் வக்காலத்திலும் எதிர்வாதவுரையிலும் இருக்கும் கையெழுத்துகளைத்தான் அனுப்புகிறார்கள். இரண்டுமே தகராறு வந்த பிறகு போட்டவை, வேண்டுமென்றே மாற்றிப் போட்டிருக்கலாம். புரோநோட்டுத் தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுக்குள் வங்கியிலோ பத்திரத்திலோ போட்டவை குறைந்தது ஆறேழு கேளுங்கள். கைரேகை என்றால் சார்பதிவாளர் அலுவலகப் பெருவிரல் ரேகைப் பதிவேடு இருக்கிறது. போதாத கையெழுத்துகளை வைத்துக்கொண்டு "பொருந்துகிறது" என்று எழுதுவதை விட "கருத்துக் கூற இயலாது" என்று திருப்பி அனுப்புவதே நேர்மை.

மையின் வயதைக் கேட்டு மனு போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010இலேயே சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. ஐந்து வருடம் முன்பு தயாரான மையால் நேற்று எழுதலாம். மை தயாரான காலம் தெரிந்தாலும் எழுதிய நாள் தெரியாது.

நுண்ணோக்கி (போதைப்பொருள் பகுப்பாய்வு)

கஞ்சா வழக்கு, 21 கிலோ. என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டத்தில் 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, ஜாமீனே கஷ்டம். கேள்வி இப்படி வந்தது: "மேடம், தண்டும் விதையும் நீக்கினால் 20 கிலோகூட வராது என்று சொன்னால் சரிதானே?"

ஆய்வகத்துக்கு வந்தது மாதிரி உறைகள் மட்டும். "மொத்தச் சரக்கு ஆய்வகத்துக்கு வரவில்லை, அதன் எடையைப் பற்றி நான் சொல்ல இயலாது." இந்தப் பதில் சரியாகவே பதிவானது. உறுத்துவது வேறு. சட்டத்தின் வரையறையில் கஞ்சா என்பது பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனியோடு சேராத விதையும் இலையும் அதில் சேராது. அறிக்கையிலோ "கஞ்சா எனக் கண்டறியப்பட்டது" என்ற ஒரே வரி. உறையில் பூ நுனி இருந்ததா, இலை எவ்வளவு, தண்டு எவ்வளவு, எதுவும் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது பூ நுனி தெளிவாக இருந்தது. அதை எழுத இன்னும் இரண்டு வரிதான் தேவைப்பட்டிருக்கும்.

எடைக் குறைவும் எப்போதும் வரும் கேள்வி. மாதிரி எடுப்பதற்கான என்டிபிஎஸ் 2022 விதிகளின்படி கஞ்சாவுக்கு ஒரு மாதிரி குறைந்தது 24 கிராம், இரட்டைப் பிரதி. உறையில் 24 என்று இருக்கும், ஆய்வகத் தராசில் 22 சொச்சம் காட்டும். பச்சையாகப் பிடித்தது காய்ந்தால் எடை குறையும், அதில் மர்மம் இல்லை. ஆனால் உறையோடு எடை, உறை நீக்கி எடை, அரக்கு முத்திரை உடையாமல் இருந்ததா, முத்திரை மாதிரியோடு பொருந்தியதா ஆகிய நான்கும் வந்த அன்றே பணித்தாளில் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அந்த இரண்டு கிராமே வழக்கை முடித்துவிடும்.

சோதனையும் ஒன்று போதாது. டியூக்கனாய் என்ற நிறச் சோதனையில் ஊதா நிறம் குளோரோபார்ம் அடுக்குக்கு இறங்குவது ஆரம்பம்தான். இலை ரோமத்தின் அடியில் உள்ள சுண்ணாம்புக் கட்டியில் அமிலம் பட்டால் குமிழி வருவதையும், மெல்லடுக்கு நிறப்பிரிகையில் (கலவையில் உள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் சோதனை) புள்ளிகள் ஒப்பு மாதிரியோடு ஒரே உயரத்தில் நிற்பதையும் சேர்த்து எழுதினால்தான் "வேறு செடியாக இருக்கலாமே" என்ற கேள்வி நிற்காது.

பழைய ஏடி (தடய அறிவியல், ஓய்வு)

நுண்ணோக்கி அம்மா, அந்தக் கேள்விக்கு இவ்வளவு கவலை வேண்டாம். 2020 ஹீரா சிங் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மொத்த எடையைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

டாக்டர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூண்டில் விழுவதெல்லாம் பிரேத அறையிலும் ஆய்வகத்திலும் முன்பே விழுந்தவை. உள்ளுறுப்பு அனுப்பும்போது இரைப்பை உள்ளடக்கத்தோடு ஒரு ஜாடி, சிறுகுடலின் மேல் 30 செ.மீ., கல்லீரலில் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி. ஜாடியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, அழுகினால் வாயு தள்ளி மூடி திறந்துகொள்ளும். நிறைவுற்ற உப்புக் கரைசலில் போட்டால் அதே கரைசலில் கொஞ்சத்தைத் தனிப் புட்டியில் கட்டாயம் அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் "விஷம் உங்கள் உப்பிலிருந்தே வந்திருக்கலாமே" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. மது சந்தேகம் இருந்தால் ஸ்பிரிட்டில் போடவே கூடாது. ரத்தத்துக்கு மில்லிக்கு 10 மி.கி. சோடியம் புளோரைடு. அது இல்லாவிட்டால் கிருமியே புட்டிக்குள் ஆல்கஹால் உண்டாக்கும், குடிக்காதவரும் குடித்தவராக அறிக்கையில் வருவார்.

டிஎன்ஏ மாதிரிக்கு இப்போது இன்னும் கறார். 2025 ஜூலையில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், தாமதமானால் காரணம் எழுத வேண்டும், கைமாறிய பதிவேடு வைக்க வேண்டும், விசாரணை நீதிமன்ற அனுமதியில்லாமல் பொட்டலத்தைத் திறந்து மறுபடி முத்திரையிடக் கூடாது.

சம்மன் வந்ததும் பணித்தாள், போட்டோக்கள், தராசின் அளவுத்திருத்தப் பதிவு, சோதனை முறையின் எழுத்துப் பிரதி நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள். கூண்டில் கோப்பைப் பார்க்கும் முன் நீதிபதியிடம் அனுமதி கேளுங்கள். பார்த்த காகிதத்தை எதிர்தரப்பும் பார்க்கக் கேட்கலாம், ஆகவே அதில் வேறு வழக்கின் குறிப்பு எதுவும் இருக்கக் கூடாது. தகுதி கேட்டால் பட்டம், பயிற்சி, எத்தனை வருடம், எத்தனை மாதிரி என்ற வரிசையில் சொல்லுங்கள். தெரியாததற்குத் "தெரியாது", துறைக்கு வெளியே என்றால் "என் துறை இல்லை". கிளம்பும்போது வருகைச் சான்றிதழும் சாட்சிப் படித்தொகையும் வாங்காமல் வராதீர்கள்.

நுண்ணோக்கி

ஐயா, மன்னிக்க வேண்டும், ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஹீரா சிங் போதைப்பொருளோடு வேறு பொருளைக் கலந்த சரக்கைப் பற்றியது. ஹெராயினில் மாவு கலப்பதும் செடியின் எந்தப் பாகம் கஞ்சா என்பதும் ஒரே கேள்வி இல்லை. வரையறை அப்படியே இருக்கிறது. எடை யார் சொன்னாலும், உறைக்குள் என்ன பாகம் இருந்தது என்று ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

ஹாஷ் (மின்னணுச் சான்று)

சிசிடிவி பதிவு. வக்கீல் பென்டிரைவைக் கோர்ட்டிலேயே கணினியில் செருகி ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுக்கச் சொன்னார். திரையில் வந்த எண் சான்றிதழில் இருந்த எண் இல்லை. "சான்று மாற்றப்பட்டிருக்கிறது என்று சொன்னால் சரிதானே?"

சரியில்லை. ஆனால் அதை விளக்க இருபது நிமிடம் ஆனது. சான்றிதழில் இருந்தது முழு பென்டிரைவின் ஹாஷ். இடையில் யாரோ அதை எழுத்துத் தடுப்பி (டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் விண்டோஸில் செருகியிருக்கிறார்கள். செருகியதுமே விண்டோஸ் தன் கணினித் தகவல் கோப்புறையை அதில் எழுதிவிடும், முழு டிரைவின் ஹாஷ் அத்தோடு மாறும். உள்ளே இருக்கும் வீடியோ கோப்பின் ஹாஷ், திறந்து பார்த்ததால் மட்டும் மாறாது. அதிர்ஷ்டவசமாகக் கோப்புவாரி எஸ்எச்ஏ-256 (ஹாஷ் கணக்கிடும் ஒரு முறை) எண்களும் பணித்தாளில் இருந்தன, ஒவ்வொன்றும் பொருந்தியது. அவை இல்லையென்றால் அன்று அந்தச் சான்று போயிருக்கும்.

பிஎஸ்ஏ 63இன் சான்றிதழில் ஏ பகுதி தரப்பினருக்கு, பி பகுதி நிபுணருக்கு. ஹாஷ் இரண்டிலும் வரும். எதன் ஹாஷ் என்பதையும் எழுதுங்கள்: டிரைவா, கோப்பா, எந்தப் பெயருள்ள கோப்பா. டிவிஆரின் (கேமராக் காட்சியைப் பதியும் கருவி) சொந்த வடிவத்திலிருந்து எம்பி4 ஆக மாற்றினால் அது புதிய கோப்பு, ஹாஷும் வேறு. இரண்டையும் கொடுங்கள். டிவிஆர் கடிகாரம் உண்மை நேரத்தைவிட எத்தனை நிமிடம் முன்னோ பின்னோ என்பதைக் கைப்பற்றும் இடத்திலேயே போட்டோவோடு குறியுங்கள். ஏழு நிமிட வித்தியாசத்தில் ஒருவர் வேறு ஊரில் இருந்ததாகிவிடும்.

கறுப்புக் கோட்டு

பழைய ஏடி ஐயா சொன்னதோடு ஒன்று: ஆய்வக அறிக்கை பிஎன்எஸ்எஸ் 329இன் கீழ் நேரடியாகச் சான்றாவணமாகக் குறியிடப்படலாம். 330இன்படி, தரப்பினர் மறுக்காவிட்டால் நிபுணரைக் கூப்பிடவே வேண்டாம். அப்போது அறிக்கைதான் பேசும். விளக்கம் சொல்லக் கூண்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

கூண்டேறி

வக்கீல் சார் சொன்ன வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன். பழைய ஏடி ஐயா, உப்புக் கரைசல் மாதிரி எங்கள் பக்கமும் அடிக்கடி விடுபடுகிறது, உண்மை.

தலைக்காயச் சான்றிதழில் இப்போது சேரும் வரிகள் இவை, மற்ற டாக்டர்களுக்கும் உதவலாம். கிழிகாயத்தின் அடியில் திசுப் பாலங்கள் (அறுபடாமல் குறுக்கே நிற்கும் திசு இழைகள்) உண்டா இல்லையா. ஓரத்தில் சிராய்ப்பின் அகலம், மில்லிமீட்டரில். முடி வேர்கள் நசுங்கியனவா வெட்டுப்பட்டனவா, கைலென்ஸில் பார்த்தது. எலும்பு உடைந்த இடம், உள்ளே அமுங்கிய ஆழம். கன்றல் எந்தப் பக்கம், மூளையின் எந்த மடல், என்ன அளவு. எதிர்ப்பக்கத்தில் கன்றல் இல்லை என்றால் "எதிர்ப்பக்கம் பார்க்கப்பட்டது, கன்றல் இல்லை" என்று தனி வரி.