படிக்காதவர் 24க்குக் கீழே வாங்கினால் மறதி நோயா?

கல்மண்டபம்:
காசிமேடு, புது வண்ணாரப்பேட்டை பக்கம் 60 தாண்டியவர்களுக்கு ஞாபக சக்தி முகாம் போடப் போகிறோம். கையில் இருப்பது ஞாபகம், கணக்கு, மொழி எல்லாம் சோதிக்கும் 30 மார்க் எம்எம்எஸ்இ கேள்வித்தாள். 24க்குக் குறைந்தால் டாக்டரிடம் அனுப்பச் சொல்கிறார்கள். ஒத்திகை பார்த்ததில், மீன் ஏலத்தில் விரல்விட்டுக்கூட எண்ணாமல் காசு பிரிக்கும் ஆயாக்கள் 20, 21தான் வாங்குகிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 29 வாங்குகிறார். ஆனால் கேட்டதையே நாளுக்கு நாலு தடவை கேட்கிறார் என்கிறார் மருமகள். படிப்பு நிஜமாகவே மூளையைக் காக்கிறதா, மார்க்கை மட்டும் ஏற்றுகிறதா?

மின்ட் மணிக்கூண்டு:
இரண்டும்தான் சார். முதலில் தாளைப் பிரித்துப் பாருங்கள். 100லிருந்து ஏழேழாகக் கழிக்க 5 மார்க். படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவருக்கு இந்த 8 போனால் மிச்சம் 22. மூளையில் ஒரு கோளாறும் இல்லாமலே ஃபெயில்!

அரியானா பல்லப்கர் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காக இதை இந்தியில் மாற்றியபோது, கழித்தலை எடுத்துவிட்டுக் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லவைத்தார்கள். நீங்களும் ஞாயிறு, சனி, வெள்ளி என்று கேட்கலாம். "500 ரூபாய் கொடுத்து 145க்குச் சங்கரா, 80க்கு நெத்திலி வாங்கினா மீதி எவ்ளோ?" என்றும் கேட்கலாம் (275). இங்கிலீஷ் தேதி தெரியாவிட்டால் "இப்ப தடைக்காலமா?" என்று கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாதது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம்: கேள்வியை மாற்றிவிட்டு அதே 24ஐக் கோடாக வைக்காதீர்கள். அந்தக் கோடு பழைய தாளுக்கு உரியது.

எண்ணூர் முகத்துவாரம்:
மூளைக்குள் நடப்பது சுவாரஸ்யமானது. 2005இல் டொராண்டோ ஆய்வாளர்கள், ஞாபகச் சோதனை செய்யும்போதே எஃப்எம்ஆர்ஐ (மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று காட்டும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தார்கள். இளைஞர்களில் அதிகம் படித்தவர்கள் நெற்றிப் பக்கத்து மடலைக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். முதியவர்களில் தலைகீழ்: படிப்பு கூடக்கூட நெற்றி மடலின் வேலையும் கூடியது. வயதில் வரும் குறையை, படித்த மூளை முன்பக்கத்தை வைத்து ஈடுகட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். சின்ன ஆய்வு அது; ஸ்கேனில் வெளிச்சம் அதிகமென்றால் ஞாபகம் அதிகமென்று அர்த்தமில்லை.

தலைமையாசிரியர் கதையும் இதுதான். பாதிப்பைச் சமாளிக்க மூளை சேர்த்துவைத்திருக்கும் திறன்தான் கையிருப்பு; அவருடையது பெரியது, அதனால் நோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்தாலும் 29 வரலாம். நோய் வெளியே தெரிந்த பிறகு இப்படிப்பட்டவர்கள் வேகமாகச் சரிவதுண்டு. அவருக்கு அந்தத் தாளே போதாது. பத்து வார்த்தையை மூன்று முறை வாசித்து, ஐந்து நிமிடம் வேறு பேச்சு கொடுத்துவிட்டுத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். விட்டுப்போன வார்த்தைக்குக் குறிப்பு கொடுங்கள்: புளிக்கு "ரசத்துக்குக் கரைப்பது". டக்கென்று வந்தால் பெரும்பாலும் வயதின் தாமதம். குறிப்பு கொடுத்தும் வரவில்லை, அந்த வார்த்தையைச் சொன்னதாகவே நினைவில்லை என்றால் மனதில் பதியவே இல்லை. அவரை டாக்டர் பார்க்க வேண்டும்.

மின்ட் மணிக்கூண்டு:
கையிருப்பு படிப்பால் மட்டும் வருவதல்ல, அதையும் சொல்லுங்கள். 2013இல் வந்த ஐதராபாத் ஆய்வில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு டிமென்ஷியா (மறதி நோய்) சராசரியாக நாலரை வருடம் தள்ளித் தொடங்கியிருந்தது; பள்ளிக்கே போகாதவர்களிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிறவர்கள் வடசென்னையில் எத்தனை பேர்!

பேசின் பிரிட்ஜ்:
தாளை எடுக்கும் முன் காது கேட்கிறதா பாருங்கள். ஸ்பீக்கர் அலறும் பந்தலில் வார்த்தை காதிலேயே விழாது, நீங்கள் அதை மறதி என்று எழுதிவிடுவீர்கள். மாத்திரை அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். பல வருடம் சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் போடுபவருக்கு வைட்டமின் பி12 குறையலாம். சளி மாத்திரை குளோர்பெனிரமின், தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் இரண்டும் ஞாபகத்தை மந்தமாக்கும். பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிட்டு ஸ்டான்லி நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினால் அவர்களுக்கும் வேலை மிச்சம். மனச்சோர்வும் மறதி போலவே தெரியும், அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

கல்மண்டபம்:
நன்றி. ஆறு மாதம் கழித்து அதே ஆட்களை அதே தாளால் பார்க்கலாமா?

எண்ணூர் முகத்துவாரம்:
பார்க்கலாம், ஆனால் வார்த்தைப் பட்டியலை மாற்றுங்கள். தலைமையாசிரியர் பழையதை மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடுவார்.